இடாப்பும் இயந்திரமும்: லினக்ஸ் கணினி நிறுவன ஆள்களத்தில் இணைவது பற்றிய ஒரு விளக்கம்

கணினி பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை வியந்துரைப்பனவாகவோ, இன்ன பொத்தானை அழுத்துக என்னும் செய்முறைக் குறிப்புகளாகவோ அமைந்துவிடுகின்றன. ஒரு தொழில்நுட்ப ஏற்பாட்டினுள்ளே எத்தகைய அதிகார உறவு பொதிந்து கிடக்கின்றது என்ற வினா அவ்விரு வகையிலும் எழுவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு கணினியை ஒரு நிறுவனத்தின் மைய ஆள்களத்தோடு இணைத்தல் என்னும் சிறு செயல் அவ்வினாவை எழுப்புவதற்கு வாய்ப்பானது. யாவரும் படித்துத் திருத்தக்கூடிய மென்பொருளும், ஒரு தனி நிறுவனத்தின் உடைமையான இடாப்பும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் அது.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி வீதியால் உப்புவெளியைக் கடந்து செல்வோர் அடையும் ஊர் சாம்பல்தீவு. அதே வழியில் கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. இவ்வூரிலிருந்து நகரத்து வங்கிக் கிளைக்கோ காப்புறுதி அலுவலகத்துக்கோ வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். காலையில் அவர் கணினியின் முன்னமர்ந்து பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதுகிறார். அவரை உள்ளே விடலாமா என்ற முடிவை மேசையிலுள்ள அக்கணினி எடுப்பதில்லை. கொழும்பிலுள்ள தலைமையகத்தில், அல்லது அதற்கும் அப்பால், வைக்கப்பட்டுள்ள ஓர் இடாப்பே அதனைத் தீர்மானிக்கின்றது. போர்க்காலத்திற் காவலரண்கள்தோறும் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய ஒரு மாவட்டத்து மக்களுக்கு, வேறெங்கோ எழுதப்பட்ட பட்டியலொன்றிலே தம் பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதும் எத்துணைப் பொருளுடையன என்பதை எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஆள்களம் என்பது யாது? தனித்தியங்கும் லினக்ஸ் கணினி ஒவ்வொன்றும் தனக்கெனப் பயனர் பட்டியலொன்றை வைத்திருக்கும். நூறு கணினிகள் இருப்பின் நூறு பட்டியல்கள். ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினால் நூறிடத்தும் மாற்றவேண்டும். ஒருவர் பதவி விலகினால் நூறிடத்தும் நீக்கவேண்டும். இவ்வில்லங்கத்தைப் போக்கவே, எல்லாக் கணினிகளும் நம்பும் ஒரே இடாப்பு என்னும் கருத்துத் தோன்றிற்று. அவ்விடாப்பையும் அதனை நம்பும் கணினிகளையும் ஒருங்கே சுட்டும் பெயரே ஆள்களம். இன்று நிறுவனங்களிற் பெருவழக்கிலுள்ளது மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆக்டிவ் டிரெக்டரி ஆகும்.

இவ்வமைப்பின் உறுப்புகள் எங்கே பிறந்தன என்பது நோக்கற்பாலது. இடாப்பை வினவுவதற்கான எல்டாப் என்னும் நெறிமுறை, 1988இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.500 என்னும் பாரிய நியமத்தைச் சுருக்கி, 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆளை உறுதிப்படுத்தும் கெர்பரோஸ், மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1983இல் ஆரம்பித்த அதீனா திட்டத்தின் விளைவு. அதன் கோட்பாட்டு அடிப்படை நீடாம், ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. ஆக, பல்கலைக்கழகங்களிற் பொதுச் சொத்தாகப் பிறந்தவற்றை ஒன்றிணைத்துத் தன் விற்பனைப் பண்டத்தின் அங்கமாக்கியமையே அந்நிறுவனத்தின் சாதனை எனலாம். அச்சாதனை சிறிதன்று என்பதையும் உடன் கூறவேண்டும். பிரிந்து கிடந்த உறுப்புகளைச் சாதாரண அலுவலர் இயக்கத்தக்க ஒரே அமைப்பாக்குவதில் மற்றையோர் அக்காலத்திற் பின்தங்கியே நின்றனர்.

கெர்பரோஸ் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைத் துறைமுக வாயிலைக் கொண்டு விளக்கலாம். துறைமுகத்தினுள் வேலை செய்வோர் ஒவ்வொரு பண்டகசாலையிலும் தம் வரலாற்றை ஒப்புவித்துக்கொண்டிருக்க இயலாது. காலையிற் பிரதான வாயிலில் ஒரு முறை தம்மை உறுதிப்படுத்தி அன்றைக்குரிய அனுமதிச் சீட்டொன்றைப் பெறுகின்றனர். பின்னர் அச்சீட்டைக் காட்டி அந்தந்தப் பண்டகசாலைக்குரிய தனிச்சீட்டைப் பெறுகின்றனர். கெர்பரோசிலும் இதுவே நடைபெறுகின்றது. முதற்சீட்டு பொதுவாகப் 10 மணி நேரத்துக்குச் செல்லும். ஒரு வேலைநாளுக்கு அது போதும். கடவுச்சொல் கம்பி வழியே ஒருபோதும் பயணம் செய்வதில்லை. அக்கடவுச்சொல்லிலிருந்து பெறப்படும் திறவுகோலால் அவ்வேளைய நேரத்தை மறைகுறியாக்கி அனுப்புகின்றது கணினி. இடாப்பை வைத்திருக்கும் சேவையகம் அதனைத் தன்னிடமுள்ள திறவுகோலால் திறந்து, உள்ளிருக்கும் நேரமும் தன் கடிகார நேரமும் ஒத்துள்ளனவா என நோக்குகின்றது. 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடிருப்பின் மறுத்துவிடுகின்றது. களவாகப் பிடித்த செய்தியைப் பின்னொரு வேளை மீண்டும் அனுப்பி ஏமாற்றுவோரைத் தடுப்பதற்கே இவ்விதி.

நேரம் பற்றிய இவ்விதி இலங்கையிலே, குறிப்பாக வடக்குக் கிழக்கிலே, தனியான ஒரு வரலாற்றுப் பின்னணியை உடையது. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில், மின்சார நெருக்கடியை முன்னிட்டு, நாட்டின் நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணி என்னும் நிலையிலிருந்து ஆறரை மணிக்கு முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அது ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரையானது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இம்மாற்றங்களை ஏற்காது பழைய நேரத்தையே பின்பற்றின. திருகோணமலை மாவட்டத்திலும் அவ்வாறான பகுதிகள் அக்காலத்தில் இருந்தன; ஒரே மாவட்டத்துள் இரு கடிகாரங்கள் நடைமுறையிலிருந்த காலம் அது.

இது கணினிக்கு எவ்வாறு பொருந்துகின்றது? கெர்பரோஸ் உள்ளூர் நேரத்தைப் பொருட்படுத்துவதில்லை. உலகப் பொது நேரத்தையே கணக்கிடுகின்றது. ஆகவே அரசு நேரத்தை மாற்றினாலும் ஆள்களத்துக்கு ஊறு விளையாது என்று கருதத் தோன்றும். உண்மை வேறு. 2006 ஏப்ரலுக்குப் பின், புதிய நேர வலய அட்டவணை நிறுவப்படாத கணினியொன்று, நாடு ஆறு மணி வலயத்திலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும். சுவர்க்கடிகாரம் காலை 10 மணியைக் காட்டும்போது கணினி 10.30 எனக் காட்டும். அதைக் கண்ட ஒருவர் கைமுறையாகக் கடிகாரத்தை அரைமணி பின்தள்ளுவார். திரையில் நேரம் சரியாகிவிடும். ஆனால், வலயம் ஆறு மணியாகவே இருப்பதால், கணினி தன்னுள்ளே கணித்துக்கொள்ளும் உலகப் பொது நேரம் அதிகாலை 4.30க்குப் பதிலாக 4.00 ஆகிவிடும். 5 நிமிட எல்லை எங்கே, 30 நிமிட வேறுபாடு எங்கே! திரையிலே நேரம் சரி, கடவுச்சொல்லும் சரி, இருந்தும் வாயில் திறவாது. இன்றும் பழைய கணினிகளை ஆள்களத்திற் சேர்க்கும்போது கடிகாரத்தை மாத்திரமன்றி வலயத்தையும் சரிபார்த்து, கடிகாரத்தை ஆள்களச் சேவையகத்தின் நேரத்தோடு தானாக ஒத்திசையச் செய்தல் முதற்பணி என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது பெயர்களைத் தேடும் முறை. இணையவிருக்கும் கணினி, ஆள்களத்தின் சேவையகம் எதுவென்பதை டி.என்.எஸ். என்னும் பெயர்ச்சேவையிடம் கேட்டே அறிகின்றது. நிறுவனத்தின் உள்ளகப் பெயர்ச்சேவையை விடுத்து, பொதுவெளியிலுள்ள 8.8.8.8 போன்றதொன்றைக் கணினி நம்பியிருக்குமாயின், இணையமெல்லாம் நன்கு இயங்கும். ஆள்களம் மாத்திரம் இல்லையென விடைவரும். அத்துடன், பல நிறுவனங்கள் தம் ஆள்களப் பெயரை 'லோக்கல்' என முடியுமாறு முன்னர் வைத்துவிட்டன. லினக்ஸ் கணினிகளிற் பல அவ்வீற்றுப் பெயரைக் கண்டவுடன் பெயர்ச்சேவையைக் கேளாது அயற்கணினிகளை நோக்கிக் குரல்கொடுக்கத் தொடங்கும். இணைக்க முயல்வோரின் பொழுதை வீணாக்கும் இடர்களுள் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

கணினியின் பெயரும் கவனத்துக்குரியது. பழைய வலையமைப்பு மரபொன்றின் எச்சமாக, கணினிப் பெயர் 15 எழுத்தை மிஞ்சலாகாது. சாம்பல்தீவு என்பதனை உரோம எழுத்திற் பெயர்த்தாலே 10 எழுத்தாகிவிடும். ஆய்வுகூடம் என்பதைக் குறிக்க மூன்றெழுத்தும் வரிசையெண்ணும் இடையிற் கோடுகளும் சேர்த்தால் 17 ஆகும். வெட்டப்பட்ட பெயர்கள் ஒன்றாகிவிட, இரு கணினிகள் ஒரே பெயருக்கு உரிமை கோரும்.

இவை சீரானபின் இணைதல் என்னும் செயல் மிகச் சுருங்கியது. 2012ஆம் ஆண்டளவில் வெளிவந்த ரெல்ம்டி என்னும் கருவி, ஆள்களத்தைக் கண்டறிதல், இணைதல் ஆகிய இரண்டையும் ஓரிரு கட்டளைகளுள் அடக்கிவிட்டது. இணைக்கும் அதிகாரமுடைய ஒருவரின் கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்தால் இடாப்பில் அக்கணினிக்கென ஒரு பதிவு எழுதப்படுகின்றது. ஆம், மனிதருக்கு மாத்திரமன்றி இயந்திரத்துக்கும் அங்கே ஒரு கணக்கும் நீண்டதொரு கடவுச்சொல்லும் உண்டு. அதற்குரிய திறவுகோல்கள் கணினியினுள்ளே கீடாப் எனப்படும் கோப்பிற் பூட்டி வைக்கப்படுகின்றன. அதன் தலைமைப் பயனரைத் தவிரப் பிறர் அதனைப் படிக்க இயலாது. வழக்கமான அமைப்பில் 30 நாளுக்கொருமுறை இயந்திரம் தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ளும்.

நம் பாடசாலைக் கணினி அறைகளில், ஒரு கணினியைச் செம்மையாக அமைத்து அதன் வன்தட்டை மற்றையவற்றுக்குப் படியெடுப்பது பெருவழக்கு. ஆள்களத்தில் இணைத்தபின் படியெடுத்தால் கீடாப் கோப்பும் உடன்செல்லும். இருபது கணினிகள் ஒரே ஆளென நடமாடும். அவற்றுள் ஒன்று மாதமுடிவிலே கடவுச்சொல்லை மாற்றியதும் ஏனைய பத்தொன்பதும் வாயிலுக்கு வெளியே நிற்கும். படியெடுத்தல் முன்னரும் இணைத்தல் பின்னருமாக நிகழவேண்டும்.

இணைந்தபின் அன்றாட அலுவலைக் கவனிப்பது 2009 முதல் வளர்ந்துவந்த எஸ்.எஸ்.எஸ்.டி. என்னும் சேவை. அதன் இரு இயல்புகளை ஈண்டுக் குறிப்பிடல் தகும். முதலாவது எண் பற்றியது. லினக்ஸ் தன் பயனரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணாலேயே அறியும். இடாப்போ தனக்குரிய வேறொரு நீண்ட அடையாளத் தொடரை வைத்திருக்கின்றது. அத்தொடரிலிருந்து கணித முறையொன்றால் எஸ்.எஸ்.எஸ்.டி. எண்ணைப் பெறுவதால், ஒரே ஆளுக்கு எல்லாக் கணினிகளிலும் ஒரே எண் கிடைக்கின்றது. வந்தவர் வரிசைப்படி எண் வழங்கிய முந்திய ஏற்பாடுகளில், ஒரு கணினியில் ஒருவரின் கோப்பு மற்றொன்றில் இன்னொருவருடையதாகத் தோன்றும் விபரீதம் நேர்ந்ததுண்டு.

இரண்டாவது, தொடர்பு அற்றபோதும் இயங்கும் ஆற்றல். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தமையை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய நாளில் கிளை அலுவலகம் மின்பிறப்பாக்கியில் ஓடினாலும் தலைமையகத்துக்கான தொடர்பு இருக்குமென்பதற்கு உறுதியில்லை. ஒருவர் முன்னொருமுறை அக்கணினியில் நுழைந்திருந்தால், எஸ்.எஸ்.எஸ்.டி. அவரின் கடவுச்சொல்லுக்குரிய சுவட்டைச் சேமித்துவைத்து, இடாப்பு எட்டாத வேளையிலும் அவரை அனுமதிக்கும். இவ்வசதிக்கு ஒரு மறுபுறமும் உண்டு. பதவி நீக்கப்பட்டவரும் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டால் அவ்வாறே நுழையலாம்; சேமித்த சுவட்டுக்கு இயல்பாகக் கால எல்லை எதுவுமில்லை. எத்தனை நாளுக்கு அது செல்லும் என்பதை நிருவாகியே விதிக்கவேண்டும். மேலும், இணைந்தவுடன் ஆள்களத்திலுள்ள எவரும் அக்கணினியில் நுழையலாம் என்பதே தொடக்க நிலை. குறித்த குழுவினருக்கு மாத்திரம் அனுமதியென வரையறுப்பதை இணைத்த அன்றே செய்தல் நன்று. மின்கலம் செத்த பழைய கணினிகள் மின்வெட்டின் பின் பல்லாண்டு முந்திய தேதியோடு விழித்தெழுவதையும், அதன்பின் கெர்பரோஸ் அவற்றை மறுப்பதையும் முன்கூறியதோடு சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

இனி, பெயர். ஈழத்துத் தமிழ் மரபிற் குடும்பப் பெயர் என்றொன்று இல்லை. வேலாயுதத்தின் மகன் குமாரசாமி, வே. குமாரசாமி என வழங்கப்படுவார். தலையெழுத்துத் தந்தையைச் சுட்டும். ஆனால் எக்ஸ்.500 மரபில் வந்த இடாப்பு நியமம், ஆள் என்னும் வகைப் பதிவுக்குக் குடும்பப் பெயரைக் கட்டாய உறுப்பாக வகுத்துள்ளது. ஆக்டிவ் டிரெக்டரி இதனை வற்புறுத்துவதில்லையெனினும், அதன் படிவத்திலும் அவ்விடம் காத்திருக்கின்றது. ஓர் எழுதுவினைஞர் வேலாயுதத்தை அங்கே நிரப்புவார். இன்னொருவர் குமாரசாமியையே நிரப்புவார். விளைவாக மின்னஞ்சலில் மகன் தந்தையின் பெயரால் விளிக்கப்படுவார். மணமானபின் தலையெழுத்தை மாற்றும் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. பெயர் மாறினும் இடாப்பின் அடையாளத் தொடர் மாறாதாகையால் கோப்புகளுக்குத் தீங்கில்லை என்பது தொழில்நுட்ப விடை. ஒருவரை எவ்வாறு அழைப்பது என்ற பண்பாட்டு வினாவுக்கு அது விடையாகாது. நியமக்குழுக்களில் நம்மவர் குரல் இல்லாமையின் சுவடு இது.

லினக்ஸ் இந்த இடாப்போடு பேசக் கற்றுக்கொண்ட வரலாறும் எளிதானதன்று. அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த அன்ட்ரூ டிரிட்ஜெல், 1992ஆம் ஆண்டளவில், கணினிகளுக்கிடையே செல்லும் செய்திப் பொதிகளை உற்றுநோக்கி அவற்றின் மொழியை ஊகித்துணர்ந்து எழுதத் தொடங்கிய மென்பொருளே சம்பா. ஆவணம் கிடைக்காத மொழியைக் கேட்டுக் கேட்டே கற்கும் இம்முயற்சி பல்லாண்டு நீடித்தது. 2000இல் மைக்ரோசாப்ட் கெர்பரோஸ் சீட்டினுள்ளே தனக்குரிய கூடுதல் தகவற் பகுதியொன்றைச் சேர்த்தபோது, பொது நியமமொன்று தனியுடைமையாக்கப்படுகின்றது என்ற கண்டனம் எழுந்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு, சேவையக நெறிமுறைத் தகவல்களை மறைத்தமை உள்ளிட்ட காரணங்களுக்காக அந்நிறுவனத்துக்கு 497 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. 2007 செப்ரெம்பரில் நீதிமன்றம் அத்தீர்ப்பை முக்கிய கூறுகளில் உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு டிசம்பரில், ஒருமுறை செலுத்தும் 10,000 யூரோ கட்டணத்துக்கு அவ்வாவணங்கள் சம்பா குழுவினருக்குக் கிடைத்தன. 2012 டிசம்பரில் வெளிவந்த சம்பா 4.0, ஆள்களத்தோடு இணைவதற்கும் அப்பாற் சென்று, தானே அத்தகைய ஆள்களத்தின் இடாப்பை வைத்திருக்கும் வல்லமை பெற்றது. இன்று நாம் ஒரு கட்டளையில் முடிக்கும் இணைப்பின் பின்னே ஒரு நீதிமன்றப் போராட்டம் நிற்கின்றது.

லினக்ஸ் ஆர்வலருட் சிலர் இவ்விணைப்பையே சரணாகதியெனக் கொள்வர். அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஊழியர் ஏற்கெனவே அவ்விடாப்பில் இருக்கின்றனர். லினக்ஸ் கணினி வெளியே நிற்பதால் அவர்கள் விடுதலை பெறுவதில்லை, இரண்டாவது கடவுச்சொல்லொன்றைச் சுமக்கின்றனர், அவ்வளவே. எனினும் பொருளாதாரக் கணக்கை மறைத்தலாகாது. லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பினும், விண்டோஸ் சேவையகத்தின் இடாப்பை நாடும் ஒவ்வொரு பயனருக்கும் அல்லது கருவிக்கும் அணுகல் உரிமம் வாங்கப்படல் வேண்டும். நாடுவது லினக்ஸ் கணினியாயினும் இவ்விதி மாறாது. கேரளத்திலே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் கீழ் அரச பாடசாலைகள் லினக்ஸ் வழிச் சென்றபோது உரிமக் கட்டணமும் பொதுவறிவும் ஒருங்கே விவாதிக்கப்பட்டமை நமக்கு முன்மாதிரி. சாம்பல்தீவிலோ நிலாவெளியிலோ ஐந்து கணினிகளைக் கொண்ட பாடசாலைக்கு ஆள்களமே வேண்டியதில்லை. நாற்பது கணினிகளும் பல நூறு மாணவரும் உள்ளவிடத்து, பழைய கணினியொன்றில் சம்பாவை நிறுவி இடாப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்வது சாத்தியமானது. அதற்கு அந்த இடாப்பை அறிந்து பேணும் ஓர் ஆசிரியராவது நிலையாக இருக்கவேண்டும். இடமாற்றப் பட்டியல் ஆண்டுதோறும் வெளிவரும் சூழலில் உரிமக் கட்டணத்தைவிட இதுவே கடினமான நிபந்தனை.

பெரிய நிறுவனங்களின் இடாப்புகளோ இப்போது எதிர்த்திசையில் நகர்கின்றன. கொழும்பிலிருந்தவை கடல்கடந்த முகில் சேவைகளுக்குப் பெயர்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டபின், ஊழியரின் தகவல் எங்கே வைக்கப்படுகின்றது என்பது சட்ட வினாவாகவும் மாறியுள்ளது. தொழிற்சங்கங்கள் இதனைத் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

இணைதலைப் பற்றி எழுதுவோர் விலகுதலைப் பற்றி எழுதுவதில்லை. விலகும் கட்டளையும் ரெல்ம்டியில் உண்டு. ஆனால் தனியே வேண்டினாலன்றி, கணினியின் பதிவு இடாப்பிலே அழியாது தங்கிவிடும். கணினிப் பக்கத்திலோ, ஆள்களப் பயனர் விட்டுச்சென்ற கோப்புகளின் உரிமையாளர் இடத்திற் பெயர்கள் மறைந்து ஒன்பது பத்து இலக்க எண்கள் மாத்திரம் எஞ்சும். தலைமைப் பயனருக்கு உள்ளூர்க் கணக்கொன்று முன்னரே இல்லாதிருந்தால் அக்கணினியினுள் நுழைவதே அரிதாகிவிடும். ஆகவே விலகுமுன் உள்ளூர்க் கணக்கைச் சோதித்து, எந்த எண் எவருடையது என்ற பட்டியலைத் தாளில் எடுத்து வைத்தல் வேண்டும். கோப்புகளைப் புதிய கணக்குகளுக்கு மாற்றுவது அதன்பின் ஒரு முற்பகல் வேலை.